படத்தில் இருந்தவரும் படத்தில் புகுந்தவரும்

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். அவர்கள் காமிராவைக் கண்டவரல்லர். ஆயினும், காமிரா தோன்றிய பின்னரே இப்பழமொழியின் முழுப்பொருளும் விளங்கலாயிற்று எனலாம். புகைப்படம் பிறந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. இக்காலமெல்லாம் ‘படம் இருக்கிறது’ என்ற ஒரு சொல் எத்தனையோ வழக்குகளைத் தீர்த்து வைத்தது. பாஸ்போர்ட்டில் ஆளை அடையாளம் காட்டியதும் படமே. நீதிமன்றத்தில் சாட்சி சொன்னதும் படமே. பத்திரிகையில் செய்திக்கு உறுதி தந்ததும் படமே. அத்தகைய படத்தினுள்ளே, அவ்விடத்தில் இல்லாத மனிதனையும், உலகிலேயே இல்லாத பொருளையும், இருந்தது போலவே கொண்டுபோய் நிறுத்தும் வல்லமையைக் கணிப்பொறி இன்று பெற்றிருக்கிறது.

இவ்வித்தையின் வரலாறு யாது, இஃது எவ்வாறு நடைபெறுகிறது, தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் தமிழராகிய நமக்கு இதனால் விளையும் நன்மை தீமைகள் யாவை என்பவற்றைச் சிறிது ஆராய்வோம். இது சினிமாக்காரரின் தொழில் விஷயம், நமக்கென்ன என்று ஒதுக்கிவிடுதல் தகாது. நம்முடைய சரித்திரத்தின் சில முக்கியமான பக்கங்கள் ஏட்டில் எழுதப்படவில்லை; அவை படங்களாகவே எஞ்சியுள்ளன.

சேனாபதியும் நேதாஜியும்

1996-ஆம் ஆண்டு மே மாதம் 9-ந் தேதி ‘இந்தியன்’ என்னும் தமிழ்ப் பேசும்படம் வெளிவந்தது. சங்கர் இயக்கிய அப்படத்தில் கமல்ஹாசன் சேனாபதி என்ற முதியவராக நடித்தார். சேனாபதி, இளமையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து போராடியவர் என்பது கதை. அக்கதையை மெய்போலக் காட்டும்பொருட்டு, நேதாஜியும் சேனாபதியும் ஒருங்கே திரையில் தோன்றும் காட்சி கணிப்பொறியின் துணைகொண்டு அமைக்கப்பட்டது. படத்தின் தந்திரக் காட்சிகளுக்காக எஸ். டி. வெங்கி அவர்களுக்கு இந்திய அரசாங்கத்தின் தேசிய விருது கிடைத்தது. அவரே முன்னர் 1994-இல் வந்த ‘காதலன்’ படத்துக்காகவும் அவ்விருதைப் பெற்றவர். அப்படத்தில் உடல் மறைந்துபோக உடைகள் மட்டும் நடனமாடிய காட்சியை நம்மவர் பலரும் வாய்பிளந்து பார்த்தனர்.

உடை தானே ஆடுகிறது என்று நம்பியவர் ஒருவருமிலர். அஃது வேடிக்கை என்பது குழந்தைக்கும் தெரியும். சேனாபதி நேதாஜியுடன் நின்ற காட்சியோ வேறு வகையைச் சேர்ந்தது. நேதாஜி இருந்தார், அவருடைய படை இருந்தது, போர் நடந்தது. சேனாபதி ஒருவர்தாம் இருந்ததில்லை. மெய்யான மூன்றினிடையே பொய்யான ஒன்று வந்து கலந்தது. கதை சொல்வோனுக்கு அதற்கு உரிமையுண்டு. பார்ப்போன் மாத்திரம் எது எது என்று அறிந்திருத்தல் வேண்டும்.

இதே வேலையை அமெரிக்காவில் 1994-இல் வெளியான ‘பாரஸ்ட் கம்ப்’ என்ற படம் செய்திருந்தது. டாம் ஹாங்க்ஸ் என்னும் நடிகர், 1963-இலேயே சுட்டுக் கொல்லப்பட்ட ஜனாதிபதி கென்னடியுடன் கைகுலுக்குவதாக அதில் ஒரு காட்சி. பழைய செய்திப்படத்தில் கென்னடி வேறு யாருடனோ இருக்க, அந்த இடத்தில் இந்த நடிகரைப் புகுத்தினர். தந்திரக் காட்சிக்குரிய ஆஸ்கார் பரிசு அப்படத்துக்குக் கிடைத்தது.

அங்கே மெய்யாக இருந்தவர் யார்?

சேனாபதி புகுந்த சரித்திரம் பெரும்பகுதியும் நம் சிங்கப்பூரில் நடந்தது. 1942 பிப்ரவரி 15-ந் தேதி பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் இந்நகரை ஒப்படைத்தனர். இரண்டு நாள் கழித்து, சிராங்கூன் ரோட்டுக்கு அருகிலுள்ள பேரர் பார்க் திடலில் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் திரட்டப்பட்டனர். இந்திய தேசிய ராணுவத்தின் வித்து அங்கேதான் ஊன்றப்பெற்றது. இன்று அவ்வழியே காய்கறிப் பையுடன் நடப்போரில் எத்தனை பேர் அதனை நினைக்கின்றனர்?

1943 ஜூலை 2-ந் தேதி போஸ் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். 4-ந் தேதி கேத்தே கட்டிடத்தில் ராஷ் பிகாரி போஸிடமிருந்து இந்திய சுதந்தரச் சங்கத்தின் தலைமையை ஏற்றார். மறுநாள் பாடாங் திடலில் படையைப் பார்வையிட்டு, டெல்லியை நோக்கி நடக்குமாறு முழங்கினார். 6-ந் தேதி ஜப்பானியப் பிரதமர் டோஜோவும் அப்படையின் அணிவகுப்பைப் பார்த்தார். அக்டோபர் 21-ந் தேதி, அதே கேத்தே கட்டிடத்தில் சுதந்தர இந்தியத் தற்காலிக அரசாங்கம் பிரகடனம் செய்யப்பட்டது. அடுத்த நாள் வாட்டர்லூ வீதியில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது.

அப்பெண்படையின் தலைவி, சென்னையிலிருந்து வந்து சிங்கப்பூரில் வைத்தியத் தொழில் நடத்திய டாக்டர் லட்சுமி. கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி தேவர் அவருக்குத் துணைநின்றார். இவ்விரு பெயர்களும் சரித்திரத்தில் நின்றுவிட்டன. ஆனால் அப்படையில் சேர்ந்தோரில் பெரும்பாலோர் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள். பால்மரம் சீவிய கை துப்பாக்கி ஏந்திற்று. இந்தியாவை ஒரு நாளும் கண்டறியாத பெண் இந்தியாவுக்காக உயிர்கொடுக்க முன்வந்தாள். ஆடவர் படையிலும் அங்ஙனமே ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளிகள் சேர்ந்தனர். கங்காணியின் முன்னும் துரையின் முன்னும் தலைநிமிராதிருந்த மனிதன், சீருடை அணிந்து பாடாங்கில் நெஞ்சு நிமிர்ந்து நின்றான். அந்நாட்களில் எடுக்கப்பட்ட படங்களிலும் செய்திப்படச் சுருள்களிலும் இவர்களுடைய முகங்கள் உள்ளன. பெயர்கள்தாம் இல்லை.

இங்கே நேயர்கள் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அங்கே இல்லாத சேனாபதிக்குப் பெயருண்டு, ஊருண்டு, மனைவி மக்களுண்டு. உலகம் முழுவதும் அவரை அறியும். அங்கே மெய்யாகவே நின்ற தோட்டத் தமிழனுக்கோ பெயரில்லை. படக்காரர்மீது குறைகூற இதனைச் சொல்லவில்லை. நம்மிடம் உள்ள குறையைச் சுட்டவே சொல்லுகின்றோம்.

வித்தை புதியதன்று

ஒரு படத்தில் மற்றொன்றைச் சேர்க்கும் வேலை கணிப்பொறியால் தோன்றியதென்று எண்ணுவோர் உளர். அஃது புகைப்படத்தோடு கூடப் பிறந்த வேலை. அமெரிக்காவில் வில்லியம் மம்லர் என்பவர் 1860-களில் ஆவிப்படம் எடுப்பதாகச் சொல்லிப் பொருள் ஈட்டினார். உயிரோடிருப்பவரைப் படமெடுத்தால், அவர் பின்னே இறந்துபோன உறவினரின் மங்கலான உருவம் தோன்றும்! 1869-இல் அவர்மீது நியூயார்க்கில் மோசடி வழக்கு நடந்தது. சாட்சியம் போதாதென்று விடுதலையானார். பின்னர், கொலையுண்ட ஜனாதிபதி லிங்கனின் மனைவியே அவரிடம் சென்று, கணவரின் ஆவி தோளில் கைவைத்து நிற்பதாகக் காட்டும் படம் எடுத்துக்கொண்டார். ஒரே கண்ணாடித் தகட்டில் இருமுறை ஒளிபடச் செய்தால் இவ்வாறு பெறலாம் என்பது தொழில் தெரிந்தோர் அறிந்ததே. தெரியாதவர்க்கு அஃது ஆவி. துயரம் மிக்க நெஞ்சு எதையும் நம்பும். அதனை அறிந்தவன் பணம் பண்ணுவான்.

அதே வித்தையைப் பிரான்ஸ் தேசத்து ஜார்ஜ் மெலியே ஏமாற்றாகச் செய்யவில்லை, களிப்புக்காகச் செய்தார். 1898-இல் அவர் எடுத்த சிறு சலனப்படம் ஒன்றில், ஒரு மனிதன் தன் தலையைக் கழற்றிக் கழற்றி மேசைமேல் வைக்கிறான். புதிது புதிதாகத் தலை முளைக்கிறது. கறுப்புத் திரையின் முன் நடித்து, ஒரே பிலிமை மீண்டும் மீண்டும் ஓட்டி எடுத்த காட்சி அது. நம் புராணப் படங்களில் தெய்வம் தோன்றி மறைந்ததும், 1957-இல் வெளிவந்த ‘மாயாபஜார்’ படத்தில் மார்க்கஸ் பார்ட்லி காமிராவால் செய்த மாயமெல்லாமும் இம்மரபின் வழி வந்தவையே.

மூன்றாவது வகையும் உண்டு, அஃது கொடியது. சேர்ப்பதற்குப் பதில் நீக்குதல். ருஷ்யாவில் ஸ்டாலின் ஆட்சியில், அவரருகே கால்வாய்க் கரையில் நடந்துசென்ற யெஷாவ் என்னும் போலீஸ் அதிகாரி 1940-இல் கொல்லப்பட்டான். பின்னர் அதே படம் வெளியானபோது யெஷாவ் நின்ற இடத்தில் கால்வாய்த் தண்ணீர் ஓடிற்று! ஆள் போனான், அவன் இருந்தான் என்பதற்குரிய சாட்சியும் போயிற்று. புகுத்தத் தெரிந்த கைக்கு விலக்கவும் தெரியும் என்பதை நாம் மறவாதிருத்தல் நன்று.

நிழலும் நிலமும்

இனி, கணிப்பொறி இவ்வேலையை எங்ஙனம் செய்கிறது என்று பார்ப்போம். நளன் கதையைக் கேட்டிராத தமிழர் இலர். தமயந்தியின் சுயம்வர மண்டபத்தில் தேவர் நால்வர் நளன் உருக்கொண்டு அமர்ந்தனர். ஐந்து நளன்களைக் கண்டு திகைத்தவள், யாருடைய கண் இமைக்கிறது, யாருடைய கால் தரையில் படுகிறது, யாருடைய மாலை வாடுகிறது என்று நோக்கி, மெய்யான மனிதனைத் தெரிந்துகொண்டாள். கதை புராணமே ஆயினும், அதிலுள்ள சோதனை விஞ்ஞானமானது. மண்ணுலகின் காற்றுக்கும் ஒளிக்கும் பாரத்துக்கும் கட்டுப்பட்டவன் எவனோ அவனே அவ்விடத்தைச் சேர்ந்தவன். படத்தில் ஒரு பொருளைப் புகுத்துவோன் பட வேண்டிய பாடெல்லாம் இந்தச் சோதனையில் தேறுவதற்கே.

முதலாவது, புகுத்தவேண்டிய உருவத்தை அதன் பின்னணியிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். பிராங்க் வில்லியம்ஸ் என்பவர் 1918-இல் இதற்கொரு முறைக்குப் பேட்டண்டு பெற்றார். உருவத்தின் வடிவாக வெட்டிய கருநிழலைப் பிலிமிலேயே உண்டாக்கி, பின்னணியில் அவ்விடத்தை மட்டும் ஒளிபடாமல் மறைத்து, அங்கே உருவத்தைப் பதிப்பது அம்முறை. பின்னர் பெட்ரோ விளாஹோஸ் நீலத்திரை முறையைச் செம்மைப்படுத்தினார். 1959-இல் வெளியான ‘பென்ஹர்’ படத்தில் அது கையாளப்பட்டது. நீலத்திரையின் முன் நடிகனை நிறுத்திப் படமெடுத்து, நீலம் உள்ள இடமெல்லாம் வேறு காட்சியை நிரப்புவர். இப்போது பச்சைத்திரையே மிகுதியாக வழங்குகிறது.

கணிப்பொறி வந்தபின், 1970-களின் பிற்பகுதியில் எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் ஆகிய இருவர் ஒரு நுட்பத்தைக் கண்டனர். கணிப்பொறிப் படம் என்பது எண்ணற்ற சிறு புள்ளிகளால் ஆயது. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று அளவுகள் உண்டு. இவர்கள் நான்காவதாக ஓர் அளவைச் சேர்த்தனர்: இப்புள்ளி பின்னுள்ளதை எவ்வளவு மறைக்கிறது என்பதே அது. மயிரிழையின் ஓரமும் புகையும் கண்ணாடியும் பாதி மறைத்துப் பாதி காட்டுவனவல்லவா? அந்தப் பாதியையும் கால்வாசியையும் எண்ணால் சொல்ல வழி பிறந்தது. அவ்வெண்களைக் கொண்டு படங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கும் கணக்கை, லூக்காஸ் பிலிம் கம்பெனியைச் சேர்ந்த தாமஸ் போர்ட்டர், டாம் டப் என்போர் 1984-இல் வகுத்துரைத்தனர். இன்று கைப்பேசியில் ஒரு படத்தின்மேல் மற்றொன்றை ஒட்டும் சிறுபிள்ளையும் அக்கணக்கையே பயன்படுத்துகிறான்.

வெட்டி ஒட்டினால் மட்டும் போதுமா? போதாது. ஒளி எத்திக்கிலிருந்து வருகிறது, எவ்வளவு வன்மையாக வருகிறது, அருகிலுள்ள செங்கற்சுவரின் சிவப்பு முகத்தில் எவ்வளவு படிகிறது என்பன பொருந்தாவிடின், கண் உடனே ‘ஒட்டு’ என்று கண்டுகொள்ளும். இதற்கு 1998-இல் பால் டெபவெக் கூறிய வழி எளிமையும் அழகும் வாய்ந்தது. படமெடுக்கும் இடத்தில் பளபளக்கும் கண்ணாடிக்குண்டு ஒன்றை வைத்துப் பல அளவில் படமெடுக்க வேண்டும். குண்டில் சுற்றுப்புறம் முழுவதும் பிரதிபலிக்கும். விளக்கு எங்கே, சன்னல் எங்கே, அவற்றின் வலிமை எவ்வளவு என்பதெல்லாம் அதில் அடங்கிவிடும். அந்த ஒளியையே கணிப்பொறியில் உண்டாக்கிய பொருளின்மேல் வீழ்த்தினால், அது அந்த அறையிலேயே இருந்தது போலத் தோன்றும். அதன் நிழலும் தரையில் முறைப்படி விழும். புகைப்படத்துக்கு ‘நிழற்படம்’ என்று தமிழில் பெயரிட்டவர் எதனை எண்ணியிட்டாரோ அறியோம். ஒட்டுப்படத்தைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் நிழலே.

தமயந்தியின் முதற் சோதனைக்கும் நம் காலத்தில் ஒரு கதையுண்டு. பொய்முகம் படைக்கும் யந்திரங்கள் புதிதாக வந்தபோது, அவை படைத்த முகங்கள் மனிதரைப்போல் அடிக்கடி கண் இமைப்பதில்லை என்று 2018-இல் ஆராய்ச்சியாளர் கண்டனர். சோதனை வெளியானதுதான் தாமதம். அக்குறை விரைவில் நீக்கப்பட்டது. தேவர்களும் இமைக்கக் கற்றுக்கொண்டனர்! ஆகையால், கண்ணை மட்டும் நம்பி மெய் பொய் காணும் காலம் கழிந்துகொண்டிருக்கிறது.

கேத்தே கட்டிடத்தில் கண்ட படம்

இவ்வித்தையோடு சிங்கப்பூருக்குள்ள தொடர்பு ‘இந்தியன்’ படத்தோடு தொடங்கியதன்று. 1939-இல் திறக்கப்பட்ட கேத்தே கட்டிடம் ஒரு சினிமாக் கொட்டகையைக் கொண்டது. ஜப்பானியர் காலத்தில் அவர்களுடைய பிரசார அலுவலும் ஒலிபரப்பும் அங்கே நடைபெற்றன. யசுஜிரோ ஓசு என்னும் புகழ்பெற்ற ஜப்பானிய டைரக்டரை 1943-இல் ராணுவம் சிங்கப்பூருக்கு அனுப்பிற்று. இந்திய சுதந்தரப் போராட்டத்தைப் பற்றிப் பிரசாரப் படம் எடுப்பது அவருக்கிட்ட பணி. அப்படம் முற்றுப்பெறவில்லை. முடிந்திருந்தால், நேதாஜியும் நம் தோட்டத் தமிழரும் ஓசுவின் காமிராவில் பதிந்திருப்பர். ஆனால் ஜப்பானிய ராணுவம் விரும்பிய கோலத்தில்தான் பதிந்திருப்பர்.

வேலையின்றிக் கிடந்த நாட்களில் ஓசு, கைப்பற்றப்பட்ட அமெரிக்கப் படங்களைச் சிங்கப்பூரில் பார்த்துப் பொழுது போக்கினார். அவர் பார்த்தவற்றுள் ஒன்று 1941-இல் வெளிவந்த ‘சிட்டிசன் கேன்’. அப்படத்தின் தொடக்கத்திலே ஒரு போலிச் செய்திப்படம் வரும். கற்பனைக் கோடீசுவரனாகிய கேன், ஹிட்லரோடு மாடத்தில் நிற்பதாக அதில் காட்டுவர். பழைய செய்திப்படம் என்று தோன்றவேண்டிப் பிலிமைத் தேய்த்தும் கீறியும் பழுதாக்கினர். இல்லாதவனை இருந்தவரோடு நிறுத்தும் வித்தையை, நேதாஜியின் அரசாங்கம் பிரகடனமான ஊரில், நேதாஜியைப் படமெடுக்க வந்தவரே உட்கார்ந்து பார்த்தார் என்பது எண்ணுந்தோறும் வியப்பைத் தருகிறது. அரை நூற்றாண்டு கழித்து அந்த நேதாஜியோடு சேனாபதி நின்றார்.

பிற்காலத்தில், கென்னடியின் கையைக் குலுக்கவைத்த இண்டஸ்ட்ரியல் லைட் அண்டு மாஜிக் கம்பெனியைத் தன்னகத்தே கொண்ட லூக்காஸ் பிலிம், 2005-இல் சிங்கப்பூரில் தன் கிளையைத் திறந்தது. 2014-இல் ஒன் நார்த் பகுதியில் குதிரைலாட வடிவான பெரிய கட்டிடத்துக்கு அது குடியேறிற்று. நம் நாட்டு இளைஞரும் அண்டை நாட்டினரும் அங்கே அமர்ந்து, உலகமெங்கும் ஓடிய படங்களுக்குக் கடலையும் கப்பலையும் அசுரனையும் படைத்தனர். 2023-இல் அக்கிளை மூடப்படுவதாக அறிவிக்கப்பட்டது. முந்நூற்றுக்கு மேற்பட்டோர் அதனால் வேலையிழக்க நேர்ந்தது. முதலாளி போனாலும் தொழில் ஊரில் தங்கிவிடும். அதனைக் கற்ற கைகள் இங்கே உள்ளன.

இறந்தவர் எழுந்து பேசும் காலம்

2022 ஜனவரி 23-ந் தேதி, நேதாஜியின் 125-ஆவது பிறந்தநாளன்று, டெல்லி இந்தியா கேட் அருகிலுள்ள மண்டபத்தில் 28 அடி உயர நேதாஜி உருவம் ஒன்று தோன்றிற்று. கல்லாலும் வெண்கலத்தாலும் ஆயதன்று. கணிப்பொறியில் உருவாக்கி ஒளியால் வீழ்த்திய உருவம். மண்டபம் மெய், கூடிநின்ற மக்கள் மெய், நடுவே நின்ற உருவம் வெறும் ஒளி. அவ்வாண்டு செப்டம்பர் 8-ந் தேதி கருங்கற் சிலை அவ்விடத்தில் திறக்கப்பட்டது.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில், 2018-இல் காலமான கலைஞர் கருணாநிதி ஒரு நூல் வெளியீட்டு விழாவில் திரையில் தோன்றி வாழ்த்துரை வழங்கினார். அவ்வாண்டிலேயே, முந்திய ஆண்டில் மறைந்த விஜயகாந்த் ஒரு புதிய படத்தில் தோன்றினார். இவையெல்லாம் ஒளிவுமறைவின்றிச் செய்யப்பட்டவை. பார்த்தோர்க்கு அவை படைப்பென்று தெரியும். ஆனால் சொல்லாமற் செய்வோனும் இதே யந்திரத்தைத்தான் வைத்திருக்கிறான். இதனை உணர்ந்தே சிங்கப்பூர்ப் பார்லிமெண்டு 2024 அக்டோபர் 15-ந் தேதி ஒரு சட்டம் இயற்றிற்று. தேர்தல் காலத்தில் ஒரு வேட்பாளர் சொல்லாததைச் சொன்னதாகவும் செய்யாததைச் செய்ததாகவும் மெய்போல் காட்டும் கணிப்பொறிப் படங்களை வெளியிடுதல் அச்சட்டப்படி குற்றம். 2025 மே 3-ந் தேதி நடந்த பொதுத் தேர்தல் அச்சட்டம் வந்தபின் நடந்த முதல் தேர்தலாகும்.

வேட்பாளருக்குச் சட்டத்தின் பாதுகாப்பு வந்துவிட்டது. இறந்துபோன தோட்டத் தொழிலாளிக்கு யார் பாதுகாப்பு?

நமக்கு வரும் கேடு

1945 ஜூலை 8-ந் தேதி, பாடாங்குக்கு எதிரே கடலோரத்தில், உயிர்நீத்த இந்திய தேசிய ராணுவத்தினர்க்கு நினைவுச்சின்னம் எழுப்ப நேதாஜி அடிக்கல் நாட்டினார். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்னும் பொருளுடைய மூன்று சொற்கள் அதில் பொறிக்கப்பட்டன. செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பிவந்ததும் முதல் வேலைகளில் ஒன்றாக அதனை வெடிவைத்துத் தகர்த்தனர். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், 1995-இல், அவ்விடத்தில் ஓர் அடையாளக் கல் நிறுவப்பட்டது. இடைப்பட்ட அரை நூற்றாண்டில், அங்கே ஒரு சின்னம் இருந்தது என்று ஊருக்குச் சொன்னவை கண்டோரின் வாய்மொழியும் சில புகைப்படங்களுமே. கல்லைத் தகர்த்த வெடிமருந்தால் படத்தைத் தகர்க்க இயலவில்லை.

இப்போது சிந்தியுங்கள். நாளை ஒருவன் வந்து, ‘இப்படமும் கணிப்பொறியில் செய்ததே’ என்பானாயின், அவனுக்கு என்ன விடை சொல்வோம்? பொய்ப்படம் பெருகுவதால் வரும் கேடு இரண்டு. பொய்யை மெய்யென்று நம்புதல் ஒன்று. அதைப் பற்றியே யாவரும் பேசுகின்றனர். மெய்யைப் பொய்யென்று தள்ளுதல் மற்றொன்று. அதுவே எளியோரைத் தாக்குவது. அரசருக்கும் முதலாளிக்கும் நூறு பத்திரங்கள் சாட்சியுண்டு; படம் போனால் பத்திரம் பேசும். ஏழைக்கு உள்ளது ஒரே ஒரு படம். அதன் மதிப்புப் போனால் அவன் இருந்த சுவடே போயிற்று.

படத்தில் இல்லாமற்போவதன் கொடுமையை நாம் முன்னமே அனுபவித்திருக்கின்றோம். 1942-43-இல் சயாம்-பர்மா ரயில்பாதை 415 கிலோமீட்டர் நீளம் போடப்பட்டபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டுபோகப்பட்டனர். நேசநாட்டுக் கைதிகள் 12,000-க்கு மேற்பட்டோர் அங்கே மாண்டனர். ஆசியத் தொழிலாளர் அதனினும் பன்மடங்கு மாண்டனர். கைதிகளுக்குக் கல்லறைத் தோட்டங்கள் உண்டு, நாட்குறிப்புகள் உண்டு, அவர்கள் மறைவில் வரைந்த சித்திரங்கள் உண்டு. 1957-இல் வந்த ‘பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்’ என்னும் படமும் பிரிட்டிஷ் கைதிகளின் கதையையே உலகுக்குச் சொல்லிற்று. அப்படத்தைப் பார்த்த உலகம் அங்கே தமிழன் செத்தான் என்று அறியவில்லை. ஒருவரும் அவனைப் படத்திலிருந்து வெட்டி எடுக்கவில்லை. அவனைப் படத்தில் வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

நம்பிக்கையின் மயக்கத்தையும் இங்கே சொல்லாமலிருத்தல் நேர்மையாகாது. நேதாஜி 1945 ஆகஸ்டு 18-ந் தேதி தைப்பேயில் விமான விபத்தில் இறந்தார் என்ற செய்தியைப் பலர் ஏற்கவில்லை. 1964-இல் நேருவின் உடலருகே எடுக்கப்பட்ட படத்தில் நின்ற ஒரு துறவியைக் காட்டி, இவரே நேதாஜி என்று சொன்னோரும் உண்டு. அங்கே கணிப்பொறியில்லை, பச்சைத்திரையில்லை, படத்தில் ஒன்றும் புகுத்தப்படவில்லை. பார்த்தவர் நெஞ்சே நேதாஜியைப் புகுத்திற்று. அன்பு மிகுந்த இடத்தில் ஆராய்ச்சி குறைவது மனித இயல்பு. ஆகையால், எதிரியின் பொய்யைச் சோதிப்பதினும் பன்மடங்கு கூர்மையாக நம் விருப்பத்துக்கு இசைந்த படத்தைச் சோதித்தல் வேண்டும்.

செய்யத்தக்கது

கலை வேண்டாம் என்பது நம் கருத்தன்று. சேனாபதியால் நேதாஜியின் படையைப் பற்றி முதன்முதலாகக் கேள்வியுற்ற இளைஞர் ஆயிரம் பேர் இருப்பர். அந்த நன்மைக்கு நன்றி சொல்வோம். கலியாணப் படத்தில், மணம் காணாது மறைந்த தந்தையின் உருவத்தைச் சேர்த்துத் தருமாறு படக்கடையில் கேட்கும் மகளையும் நாம் குறைகூறோம். அது மம்லரின் மோசடியன்று. யாரையும் ஏமாற்றாத ஆசை. ஆனால் அப்படத்தின் பின்புறத்தில், ‘தந்தையார் உருவம் பின்னர்ச் சேர்க்கப்பட்டது’ என்று ஒரு வரியும், ஆண்டும் எழுதிவைக்கட்டும். பேரன் காலத்தில் அந்த ஒரு வரியே சரித்திரத்துக்கும் கற்பனைக்கும் நடுவே வேலியாக நிற்கும்.

இன்னொன்றும் உண்டு. பழைய படங்கள் மங்கிவிட்டன என்று கணிப்பொறிக்காரரிடம் கொடுத்து, வண்ணம் தீட்டி, கிழிசல் நீக்கி, கிழிந்த சட்டைக்குப் பதில் கோட்டு மாட்டி வாங்குகின்றனர். புதுப்படம் வந்ததும் பழையதை வீசிவிடுகின்றனர். இது பெருந்தவறு. கிழிந்த சட்டை நம் தாத்தாவின் மெய்யான சட்டை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்தச் சட்டையோடுதான் அவர் காட்டை அழித்துத் தோட்டமாக்கினார். மூலப்படத்தைத் தனியே காத்தல் வேண்டும்.

எல்லாவற்றினும் முதன்மையானது பெயர் எழுதுதல். பெட்டியடியில் கிடக்கும் படத்தை எடுத்து, வீட்டிலுள்ள முதியோரிடம் காட்டி, இவர் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, யார் எடுத்தது என்று கேட்டு உடனே எழுதிவிட வேண்டும். பாடாங்கில் நின்றவர்களைக் கண்ட கண்கள் இப்போது மிகச் சிலவே எஞ்சியுள்ளன. சிங்கப்பூரில் 1979 முதல் தேசிய ஆவணக் காப்பகத்தார் முதியோரின் வாய்மொழி வரலாற்றைப் பதிவுசெய்து வருகின்றனர். கேம்பல் லேனில் 2015-இல் இந்திய மரபுடைமை நிலையம் திறக்கப்பட்டுள்ளது. ஞாயிற்றுக்கிழமை தோறும் சிராங்கூன் ரோட்டுக்குச் சாமான் வாங்க வரும் நாம், ஒரு நாள் அவ்வாயிலிலும் நுழைந்து பார்த்தால் கால் தேய்ந்துவிடாது.

பெயரும் ஊரும் நாளும் சாட்சியும் கொண்ட படத்தை எந்த யந்திரமும் எளிதில் பொய்யாக்க முடியாது. அவை இல்லாத படம், எவ்வளவு மெய்யாயினும், நாளை அனாதை. ஒளியையும் நிழலையும் கணிப்பொறி கற்றுக்கொண்டுவிட்டது. கண் இமைக்கவும் கற்றுக்கொண்டுவிட்டது. ஒருவர் இன்னாரென்று அறிந்து, நேரில் கண்டு, கையெழுத்திட்டுச் சொல்லும் சாட்சியை அது இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. தீர விசாரிப்பதே மெய் என்ற முன்னோர், விசாரிக்கும் வேலையை நமக்கே விட்டுச்சென்றனர். இல்லாத சேனாபதிக்கு ஒரு பெயர் கிடைத்ததுபோல, இருந்த நம் மக்களுக்கும் அவரவர் பெயர் கிடைக்க, இன்றே நம் வீட்டுப் பெட்டியைத் திறப்போமாக.